வாயை மூடிப் பாடச் சொன்ன இடம்

பன்னிரண்டு வருடமாக ஒஸ்லோவில் ஒரு பாடகர் குழுவில் பாடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து நேரே ஒத்திகைக்குப் போய், பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிற்பேன். அந்தக் குழுவில் தமிழச்சி நான் ஒருத்திதான்.

சென்ற குளிர்காலம் ஒரு சுவீடன் இசையமைப்பாளரின் பாடல்களை எடுத்தோம். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். வடக்கே, பின்லாந்து எல்லையோரம் பிறந்தவர். வீட்டில் பேசியது பின்னிஷ் சாயலுள்ள மொழி. பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் அடி. பிறகு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திசைப் பாடல்கள் எழுதினார். எல்லாம் சுவீடிஷ், இல்லாவிட்டால் லத்தீன். எழுபது வயதுக்குப் பிறகுதான், ஒரேயொரு பாட்டில், தாயின் மொழியை வைத்தார். மற்றக் குரல்கள் வாயை மூடி முனக, எங்கள் வரிசை மட்டும் சொல்ல வேண்டும்: “தண்ணீர் கொதிக்கிறது, உள்ளே வா, காலில் இருக்கும் சப்பாத்தைக் கழற்று.”

மூன்றாவது ஒத்திகையில் எங்கள் குழுவின் இசை நடத்துநர் சொன்னார்: “இந்தச் சொற்கள் உங்கள் வாயில் சரியாக வரவில்லை. கேட்பவர்களுக்கும் விளங்காது. நீங்களும் வாயை மூடியே பாடுங்கள்.”

என் வரிசையில் எல்லாரும் பென்சிலால் அந்தச் சொற்களை வெட்டினார்கள். நான் வெட்டவில்லை.

“லத்தீன் மட்டும் யாருக்கு விளங்குகிறது?” என்று கேட்டேன்.

“அது வேறு.”

“இந்த மொழிக்காக அவர் அடி வாங்கியிருக்கிறார்.”

“அழகான கதை. ஆனால் நமக்கு நேரமில்லை.”

அடி வாங்கியது அழகான கதையாம்! ரயிலில் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காய்கறி வாங்க மகளோடு ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதிக்குப் போனபோதும் அதே கோபம். வெண்டிக்காய் நுனிகளை நான் படபடவென்று முறிக்க, கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அம்மா, அது எங்கட பாஷை கூட இல்லையே. ஏன் இப்பிடிக் கொதிக்கிறீங்கள்?” என்றாள் மகள்.

“எங்கட பாஷையெண்டால் மட்டுந்தான் கோவம் வரவேணுமோ?”

“உங்களைக் குழுவால நிப்பாட்டிப்போடுவினம்.”

“நிப்பாட்டட்டும்.”

கச்சேரியில் அந்த இடம் வந்தது. நான் வாயைத் திறந்து சொற்களைப் பாடினேன். தனிக்குரலுக்கு ஏற்ற தொண்டை இல்லை எனக்கு. முதல் சொல் உடைந்தது. பக்கத்தில் நின்றவள் என்மேல் படாமல் தன் முழங்கையை இழுத்துக்கொண்டாள். ஒருவரும் கூடச் சேரவில்லை. நடத்துநர் உள்ளங்கையைக் கீழே கீழே அழுத்திக் காட்டினார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லும் சொல்வரை பாடி முடித்தேன். சபையில் யாருக்கும் எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. வழக்கம்போலக் கை தட்டினார்கள்.

“வேண்டுமென்றே செய்தீர்கள்,” என்றார் நடத்துநர், உடுப்பு மாற்றும் அறை வாசலில்.

“வேண்டுமென்றேதான். அவர் எழுதியதைப் பாடினேன். அதை வெட்டியது நீங்கள்.”

கச்சேரி கேட்க வந்திருந்த மகள் வெளியே பனிக்குள் நின்றாள். “கேட்டதம்மா. துவக்கம் நடுங்கினது.”

“கோவத்தில.”

அடுத்த செவ்வாயும் போனேன். வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நடத்துநர் என் முகத்தைப் பாராமல் புதிய தாள்களை நீட்டினார். அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.