இடைவேளைக்கு மட்டும் சேர்க்கை இல்லை

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லாரும் பிரின்சிபால் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. காவலாளி மட்டும் ஒருமுறை வாய் தவறி, "பிரின்சிபால் சாருக்குப் பார்சல்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. பார்சலை வாங்கிக்கொண்டு மாடியேறும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உண்மையில் அவர் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். இடிபட்ட கார்களுக்கு இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் கிடைக்காத நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வேலை மதியத்துக்கு மேல்தான், அதுவும் வீட்டிலிருந்தே. காலை முழுக்கக் கை சும்மா இருந்தது.

மகள் வீட்டுக்குப் பின்னாலிருந்த அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. எழுந்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்வரை பேச்சுதான். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை சொன்னாள்: "நல்ல பொண்ணுதான் சார். ஆனா பேச்சு தாங்கல. பக்கத்துல சுவர் இருந்தா சுவரோட பேசுவா. அதான் தனி பெஞ்சுல போட்டிருக்கேன்."

"பேசறது குத்தமா?"

"குத்தம்னு யார் சொன்னா? நான் பேசும்போது பேசறா."

"நீங்க எப்பவும் பேசிக்கிட்டே இருந்தா அவ எப்பத்தான் பேசுவா?"

இந்தக் கேள்வியை அவர் வீட்டுக்கு வந்து பலமுறை நடித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் ஆசிரியையின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. கடைசி முறை அவள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"குழந்தையோட வாயைக் கட்டறதுக்குப் பேர் பள்ளிக்கூடமா? இனிமே என் பொண்ணு வீட்டுலதான் படிப்பா. மனசுல பட்டதையெல்லாம் பேசுவா. ஒருத்தரும் அடக்கக் கூடாது" என்று முடித்தார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிறவள். "சரி. வலிச்சா சொல்லுங்க" என்றாள்.

முதல் வாரம் சுதந்திரம். பாடத்திட்டம் கிடையாது, நேரம் கிடையாது, குழந்தையின் ஆர்வம் எங்கே போகிறதோ அதன் பின்னால் போக வேண்டியதுதான். குழந்தையின் ஆர்வம் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பேசுவதில் போய் நின்றது. லிப்டுக்குள் ஏன் எப்போதும் ஈரத் துணி வாசனை, கீழ்வீட்டு நாய் யாரைப் பார்த்தால் குரைக்காது, அப்பாவின் காதில் மட்டும் ஏன் முடி. திங்கட்கிழமை அவர் பூரித்துப்போனார். புதன்கிழமை தலையாட்டினார். வெள்ளிக்கிழமை, "கண்ணு, கொஞ்சம் வாயை மூடு. அப்பா உன் கல்வியைப் பத்தி யோசிக்கிறேன்" என்றார்.

யோசித்ததன் பலனாகச் சுவரில் கால அட்டவணை ஏறியது. சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. மேசை மேல் குழம்புக் கறை இருந்தால் வகுப்பு தொடங்காது. வருகை எடுக்கும்போது எழுந்து நின்று "உள்ளேன்" சொல்ல வேண்டும். பிறகு சீருடை வந்தது.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னுதானே சீருடை? இங்க இவ யாரோட ஒரே மாதிரி இருக்கணும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒழுங்கு வேற, எண்ணிக்கை வேற" என்றார் அவர்.

மணி மட்டும் வாங்கவில்லை. பின்னால் இருந்த பள்ளியின் மணி சமையலறை ஜன்னல் வழியாகக் கணீரென்று கேட்டது. அதற்கே வகுப்பு தொடங்கினார், அதற்கே இடைவேளை விட்டார். அந்தப் பள்ளியோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மணி அடிப்பவனை மட்டும் அவர் குறை சொன்னதில்லை.

பருவம் முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வைத்தார். வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத மனைவியை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"கவனம் குறையுது. இடைவேளை விட்டா பால்கனிக்கு ஓடிடறா. மணி அடிச்சும் உள்ள வர மாட்டேங்கிறா."

"அவங்க அப்பாகிட்ட சொன்னீங்களா சார்?"

"விளையாடாதே."

"எதுக்கெடுத்தாலும் அம்மாவையே கூப்பிட்டு உட்கார வெக்கிறீங்க. அந்த மனுஷனுக்குப் பொறுப்பு கிடையாதா? வீட்டுலதான் இருக்காராம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் இடைவேளையில் பூனை நடை நடந்து பால்கனிக் கதவருகே போய் நின்றார். கீழே பள்ளி மைதானத்தில் சாக்பீஸ் கோடுகளுக்குள் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து உடம்பில் பட்டால் வெளியே போக வேண்டும். பட்டவன் எவன் ஒத்துக்கொள்வான்? பெரிய கூச்சல். சட்டென்று எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது.

"அம்பயர்! பட்டுச்சா, படலையா?"

"பட்டுச்சு! கால்ல. சாக்ஸ்ல மண்ணு ஒட்டியிருக்கு பாரு. நீயே தட்டிவிடாதே, நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். போன தடவையும் இப்படித்தான் ஏமாத்தின. வெளியே போ!"

அடிபட்ட பையன் மறுபேச்சு பேசாமல் வெளியே போனான்.

மகளின் குரல் அவ்வளவு பெரிதென்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. ஆனால் அவர் மனத்தில் ஓடியது வேறு. நம் பள்ளியின் ஒரே மாணவியை அந்தப் பள்ளி பால்கனி வழியாகக் கடத்துகிறது. அன்றே அட்டவணையைத் திருத்தினார். இடைவேளை ஒரு பாடவேளை தள்ளிப்போனது. கீழே கூச்சல் கேட்கும் நேரத்தில் பால்கனிக் கதவு தாழிடப்பட்டது.

"நமக்குன்னு ஒரு தனித்தன்மை வேணும்ல?" என்றார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதன் பிறகும். கேட்டதற்கு "ஆமா", "இல்ல", "முடிச்சிட்டேன்". சில நாள் அவர் இதை நல்ல ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தார். பிறகு சந்தேகம் வந்தது. சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு கிளாஸ்ல என்னம்மா நடந்துச்சு?"

"உங்களுக்குத்தான் தெரியுமேப்பா. நீங்கதானே கூட இருந்தீங்க."

கீழ்வீட்டு நாயைப் பற்றிக் கேட்டார். "குரைக்குது" என்றாள்.

மனைவி தட்டைக் கழுவியபடியே சொன்னாள்: "ஒரு கையில ரத்தம் வரலைன்னா அதே இடத்துல குத்திக்கிட்டே இருக்கக் கூடாதுங்க. வேற கையைப் பார்க்கணும்."

"அவ பேசணும்னுதான் இவ்வளவும் செஞ்சேன்" என்றார் அவர். பிரின்சிபால் குரலில் சொல்ல நினைத்தது, அப்படி வரவில்லை.

ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் பள்ளிப் பைகளோடு மூன்று பிள்ளைகள். முன்னால் நின்ற நெட்டைப் பெண்தான் பேசினாள்.

"அங்கிள், அம்பயர் ஊருக்குப் போயிட்டாளா?"

"இங்க அம்பயர்னு யாரும் கிடையாது. அவளுக்கு அந்த நேரத்துல கிளாஸ்."

"இன்டர்வெல்ல யாராவது கிளாஸ் வெப்பாங்களா? உங்க ஸ்கூல் ரொம்ப மோசம் அங்கிள்."

"அவ இல்லாம ஒரே அடிதடி" என்றான் இன்னொருவன். "இவன் பல்லு ஆடுது. காட்டுடா."

மூன்றாமவன் வாயைத் திறந்து பல்லை ஆட்டிக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"இது சண்டைக்கு முன்னாடியே ஆடிக்கிட்டிருந்த பல்லுதானே?"

பையன் திருதிருவென்று விழித்தான். "ஆமா" என்று ஒத்துக்கொண்டான். நெட்டைப் பெண் அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிய நிம்மதியோடு அவர் திரும்பினார். பின்னால் மகள் நின்றிருந்தாள். பல்லையும் பார்த்து, தலையில் விழுந்த அடியையும் பார்த்து அவள் வாய் தானாகத் திறந்தது. சொல்ல ஏதோ நிறைய இருந்தது. அப்பா திரும்பியதைக் கண்டதும் மூடிக்கொண்டது. மூடியதை அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த நாள் காலை பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்தார். கோரிக்கையைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இடைவேளைக்கு மட்டுமா?"

"ஆமா மேடம். பாடமெல்லாம் வீட்டுலேயே முடிச்சிடுவா. உங்களுக்கும் சண்டை குறையும்."

"தியேட்டர்ல போய், இன்டர்வெல்லுக்கு மட்டும் டிக்கெட் குடுங்கன்னு கேட்பீங்களா சார்? இங்க இடைவேளை வேணும்னா கணக்குப் பாடத்தையும் சேர்த்துத்தான் வாங்கணும். தனித்தனியா தர்றதில்ல."

"திரும்பவும் தனி பெஞ்சுல போடுவாங்க."

"போடுவாங்க. பேசினா போடத்தான் செய்வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அங்கிருந்தும் பேசுவா. போன வருஷம் அந்த பெஞ்சுலேர்ந்துதான் ரெண்டு வரிசைக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தா."

இதற்கு ஒரு மறுப்பு இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தேடவில்லை. பேனா கேட்டு வாங்கிச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் பள்ளிக்குப் போன முதல் நாள், காலை மணி அடித்தபோது அவர் பழக்கதோஷத்தில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எதிரே யாருமில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை மணிக்குப் பால்கனித் தாழ்ப்பாளைத் திறந்தார்.

கீழே மகள் கோடுகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். மேலே நின்று ஆயிரம் நியாயம் சொன்னவளுக்கு ஓடத் தெரியவில்லை. பந்து அவள் முதுகில் பளாரென்று விழுந்தது. வழக்கமான கூச்சல். வழக்கப்படி தலைகள் மேலே நிமிர்ந்தன. அங்கே அவர் நின்றிருந்தார்.

"அங்கிள், பட்டுச்சா?" என்று கத்தினாள் நெட்டைப் பெண்.

எத்தனையோ பேரின் உண்மையான அடிகளை இல்லையென்று எழுதியவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "படலை!" என்றார்.

மைதானமே ஊளையிட்டது. அதையெல்லாம் மீறி ஒரு குரல் மேலே வந்தது.

"அப்பா! பட்டுச்சுப்பா! முதுகே எரியுது, படலைன்னு சொல்றீங்க? கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு வந்து நில்லுங்க. இல்லைன்னா உள்ள போங்க. ஏய், நான் அவுட்டுதான், நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா? எங்கப்பா சொன்னதைக் கணக்குல எடுக்காதீங்க, அவரு வீட்டுலேயும் இப்படித்தான், அன்னிக்கு அந்தப் பல்லை…"

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. மணி அடித்த பிறகும் அந்தக் குரல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஆசிரியையின் அதட்டல் கேட்டது. அதற்குப் பிறகும் மகளின் குரல் கேட்டது.