திருத்தொண்டரின் மறுமொழி

“…கல்லறையைத் தோண்டி, பிணத்துக்குப் பாப்பரசரின்ர உடுப்பு உடுத்தி, கதிரையில இருத்தி விசாரிச்சவை,” என்றபடி வசந்தமலர் வெண்பலகையில் ஒரு நாற்காலி வரைந்தார்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் தேவாலய மண்டபத்தில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு. வாரம் ஒரு பாப்பரசர். இன்று ஒன்பதாம் நூற்றாண்டின் ஃபொர்மோசுஸ். பல்கேரியாவுக்கு வேதம் போதிக்கப் போனவர், பிறகு ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆட்சி செய்தவர் என்றபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவருடைய பிணத்தின் கதை வந்ததும் நிமிர்ந்தார்கள்.

“பட் ஆன்டி, ஹி இஸ் டெட். ஹௌ டிட் ஹி ஆன்சர்?” என்றான் அபிராம்.

“பக்கத்தில ஒரு திருத்தொண்டரை, டீக்கனை, நிப்பாட்டினவை. அவர்தான் இவருக்காகக் கதைக்க வேணும். பயத்தில சரியா ஒண்டும் கதைக்கேல்லை.”

“வர்ஸ்ட் லாயர் எவர்!” என்றாள் ரக்ஷா. வகுப்பு சிரித்தது. வசந்தமலர் சிரிக்கவில்லை. மண்டபத்தின் சமையலறைக் கதவைப் பார்த்தார். அதில் இப்போது பூட்டு.

அவருக்கு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. எதையும் மூன்று தரம் பார்ப்பார்: கார்க் கதவு, கோப்பிக் குவளையின் மூடி, பிள்ளைகளின் சப்பாத்து நாடா. “செக் பண்ணாமல் சைன் வைக்கக் கூடாது, பிள்ளை.” ஆய்வுக்கூடத்தில் பிழையை வெள்ளை பூசி மறைக்க முடியாது. பிழை தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, முதலெழுத்து, தேதி.

தவக்காலக் கஞ்சி நாளில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மறந்துபோனவர் வசந்தமலர்தான். கேத்தல் கருகி, அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்தது. அன்று மண்டபத்தைப் பூட்டிச் சென்றவர் இளங்குமரன். அந்த வாரமே மாரடைப்பில் இறந்துபோனார்.

பிறகு தேவாலயக் குழுவின் கூட்டம் நடந்தது. “அடுப்பைப் பாக்காமல் பூட்டினவர் அவர்தானே. பாவம், எப்பவும் அவசரம்,” என்றார் ஒருவர். செயலாளர் வசந்தமலர் தலை நிமிராமல் ‘காரணம்: இளங்குமரன்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இளங்குமரனின் மனைவி மதுஷா அன்றிலிருந்து பூசை முடியுமுன்பே எழுந்து போய்விடுகிறார்.

வகுப்புக்கு மறுநாள், திங்கள். வசந்தமலர் வேலைக்குப் போனார். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. காரில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். இளங்குமரன் என்ற பெயரின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தார். பக்கத்தில் தன் பெயர், முதலெழுத்து, தேதி. மூன்று தரம் பார்த்தார். மதுஷாவின் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினார். மதுஷா கதவைத் திறந்தார். அந்தப் பக்கத்தை விரித்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.