ராய் பகதூர் கொடுத்த ஒரே வாக்கு

தலைநகரம் டில்லிக்குப் போகுமுன் கல்கத்தாவில் ஷார்ட்ஹாண்ட் தெரிந்த தென்னிந்தியனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நான் ஹவுராவில் ரயில்வே ஆபீஸில் நாலு வருஷம் டிக்டேஷன் எடுத்துவிட்டு, சர்க்கார் நியமித்த ஒரு விசாரணைக் கமிட்டிக்கு ரிப்போர்ட்டராகப் போனேன். ஊருக்குத் தெற்கே புதுச் சாலை போடலாமா, அதற்காக டாக்குரியா ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளை எடுக்கலாமா என்று விசாரிப்பது அந்தக் கமிட்டியின் வேலை. எனக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன். வேலை நிரந்தரமானால்தான் கும்பகோணத்திலிருந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்து வர முடியும்.

முதல் நாள்

கமிட்டியின் சேர்மன் ஒரு வங்காளி ஜமீன்தார். ராய் பகதூர் பட்டம் வாங்கியவர், அறுபது வயதைத் தாண்டியவர். நான் அப்போது சுதேசித் துணி தவிர வேறு உடுத்துவதில்லை. பத்திரிகைகள் அவரைச் சர்க்காரின் வால் என்று எழுதிக்கொண்டிருந்தன. அதனால் பார்க்குமுன்பே அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பார்த்தபின் தெரிந்தது, அவருக்குச் சர்க்கார் மேலும் நம்பிக்கை கிடையாது என்று.

அவர் இங்கிலீஷில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஐயர், சர்க்காரால ஜனங்களை நல்லவங்களாக்க முடியாது. திருடன் வராம பாத்துக்கலாம், சாக்கடை அடைக்காம பாத்துக்கலாம். அதுக்கு மேல கையை நீட்டினா எதையாவது உடைச்சுடும்."

"அப்போ மைதானத்துல சுதேசி பேசறவங்க ஆட்சிக்கு வந்தா சரியாயிடுமா ஸார்?" என்று கேட்டேன். வாய்த்துடுக்குத்தான்.

"அவங்க கை இன்னும் நீளம். கைதட்டல் வேற கிடைக்குது. கைதட்டறதைக் கேட்டாலே எனக்குப் பயம். இந்த முப்பது வருஷத்துல நான் பொது இடத்துல ஒரு வாக்குக்கூடக் குடுத்ததில்லை, தெரியுமா?"

கிழவருக்கு அதில் ஒரு பெருமை வேறு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு வேலை முறையைச் சொன்னார். நான் எழுதுவதை டைப் அடித்து ப்ரூஃபாக அவரிடம் தர வேண்டும். நீலப் பென்சிலால் அவர் திருத்துவார்.

"இலக்கணத்தைத் திருத்துவேன், கமா போடுவேன். அர்த்தத்தை மாத்தச் சொன்னா முடியாதுன்னு சொல்லிடும்."

"நீங்க சொன்னாலுமா ஸார்?"

"முக்கியமா நான் சொன்னா. நாற்காலில இருக்கறவன் கெட்டவன்னா ஊரே கண்ணு வச்சிருக்கும். நல்லவன்னு பேர் எடுத்தவனைத்தான் யாரும் பார்க்கறதில்லை."

வாயால் சொல்வதற்கு யாருக்கு என்ன செலவு என்று நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

கிரோதா மாஷியின் சாட்சி

மூன்றாம் மாதம் குடிசைவாசிகளின் சாட்சி. பொரி விற்கும் கிரோதா என்ற பெண்மணி வந்தாள். எல்லோரும் அவளை மாஷி, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டார்கள். அவள் வங்காளியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்ல, நான் எழுதினேன்.

"சாலை போடுங்க, வேண்டாங்கலை. மழைக்கு முந்தி எங்களைத் தூக்கிப் போட்டா பிள்ளைங்களை எங்கே கொண்டுபோய் வைக்கறது? போன தடவை வேற இடத்துல இப்படித்தான் விரட்டினாங்க. தண்ணியிலயே கிடந்து ஜுரம் வந்து என் பேரன் போயிட்டான். மழை முடியற வரைக்கும் விடுங்க, போதும்."

ராய் பகதூர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே, வங்காளியில் ஒருமுறையும் இங்கிலீஷில் ஒருமுறையும் சொன்னார்: "மழை முடியும்வரை ஒரு குடிசையும் கலைக்கப்படாது. இது என் வாக்கு."

என் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினேன்.

சாயங்காலம் வாசற்படியில் மாஷி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாபு, அவர் சொன்னதை எழுதினியா?"

"எழுதிட்டேன் மாஷி" என்றேன், தெரிந்த அரைகுறை வங்காளியில்.

"அழியாதே?"

"அழியாது" என்று சொல்லிவிட்டேன். சொல்லப்போனால் நானும் அன்று ஒரு வாக்குக் கொடுத்தேன்.

நீலப் பென்சில்

மறுநாள் காலை சர்க்கார் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. கமிட்டிக்குச் சிபாரிசு செய்யத்தான் உரிமை, வாக்குக் கொடுக்க உரிமை கிடையாது, அந்த வரி ரிப்போர்ட்டில் இருக்கலாகாது என்று. பதினோரு மணிக்கு ராய் பகதூர் என்னை அழைத்தார். ப்ரூஃபில் அந்த வரியின் மேல் நீலக்கோடு விழுந்திருந்தது.

"எடுத்துடும். அவங்க சொல்றது நியாயம். என்னால செய்ய முடியாததை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் கொள்கைக்கே விரோதம்."

"யோசிச்சுச் சொல்றேன் ஸார்" என்று வெளியே வந்தேன். தலைமை ரிப்போர்ட்டர் சாமிநாதய்யர், தஞ்சாவூர்க்காரர், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய், ஒரு வரி! அடிச்சுட்டுப் போமேன். அது என்ன உம்ம பாட்டன் சொத்தா? ப்ரொபேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போடப்போறது அவர்தானே? ஆத்துக்காரியை நினைச்சுப் பாரும்."

நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த வரி போனால் மாஷிக்குக் கையில் ஒன்றுமில்லை. நாளைக்கு வண்டியும் ஆளும் வந்து குடிசையைப் பிரித்தால், சேர்மன் சொன்னார் என்று அவள் அழலாம், அவ்வளவுதான். உள்ளே திரும்பிப் போனேன்.

"முடியாது ஸார்."

"என்ன?"

"அர்த்தத்தை மாத்தச் சொன்னா முடியாதுன்னு சொல்லச் சொன்னீங்க. சொல்றேன். வாக்கைத் திரும்ப வாங்கிக்கணும்னா இன்னிக்கு சிட்டிங்ல, அந்த அம்மா முன்னாடி சொல்லுங்க. அதையும் ஒரு எழுத்து விடாம எழுதறேன். நேத்திக்குச் சொன்னதை அழிக்க மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "உம்ம வேலை என் கையில இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஸார். அதனாலதான் பயமா இருக்கு. வேற ஆளை வச்சு அடிச்சுக்கலாம். என் நோட்டுல அந்த வரி இருக்கும்."

அவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

இரண்டு மணிக்குச் சிட்டிங். மாஷி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இலாகா அதிகாரி ஒருவர் முன்வரிசையில். ராய் பகதூர் எழுந்தார்.

"நேற்று நான் கொடுத்த வாக்குக்கு எனக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள். உண்மை. சர்க்காரின் பேரில் நான் அதைக் கொடுக்க முடியாது. என் பேரில் கொடுத்ததாக எழுதிக்கொள்ளும். மழை முடிவதற்குள் ஒரு குடிசை கலைந்தாலும் நான் இந்த நாற்காலியில் இருக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எழுதினேன்.

ஆஷாட மாதம், அதாவது நம் ஆனியில், நல்ல மழையில், குடிசைகளை எடுக்க உத்தரவு வந்துவிட்டது. அன்றே ராஜினாமாவை எனக்கு டிக்டேட் செய்தார். இரண்டே வரி. படித்துக் காட்டச் சொன்னார்.

"அந்த வரியை நீர் அடிச்சிருந்தா இந்த நாற்காலி எனக்கு இருந்திருக்கும்."

"ஆமாம் ஸார்."

"எனக்கு உம்ம மேல கோபம்தான். ஆனா கமா ஒண்ணுகூட மாத்த வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

சர்க்காருக்கு வேண்டிய மனிதரே விலகியது ஊரில் பெரும் சத்தமாகிவிட்டது. உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். துர்கா பூஜை கழிந்து, தரை காய்ந்த பிறகுதான் குடிசைகள் போயின. அதற்குள் மாஷி கரியாஹாட் பக்கம் கூரை போட்டுக்கொண்டுவிட்டாள்.

புதுச் சேர்மன் என்னை நிரந்தரமாக்கவில்லை. மறுபடி ஹவுராவுக்கே போனேன். மனைவி வந்து சேர ஒரு வருஷம் கூடுதலாகிவிட்டது. அதைப்பற்றி அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ராய் பகதூரின் அரசியலை நான் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவனை நம்பாதே, என்னையும் சேர்த்து என்ற அர்த்தத்தில் அவர் முதல் நாள் சொன்னது மட்டும் என்னோடு நின்றுவிட்டது. பிறகும் பல ஆபீஸ்களில் வேலை பார்த்தேன். எழுதியதை அழிக்கச் சொல்லி எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள். கதர் கட்டியவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருந்தது. ஒரு தடவைகூட அழிக்கவில்லை.