பின்சீட்டில் வந்தவர்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பகலில் மீன் டப்பா ஆலையில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு என்று ஓடுகிறவள் நான். கூட்டல் சரியாக வந்தாலும் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். என் மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. இதையும் அப்படிப் பலமுறை பார்த்துவிட்டேன். எங்காவது நான் தவறியிருந்தால் நிம்மதியாக இருக்கும். தவறவில்லை.

என் பெயர் அஸ்னோர். பிரெட்டன் கரையில் கெர்வெலன் எங்கள் ஊர். அம்மா, நான், தம்பி குல்வென். அப்பா ரியோக் ஒன்பது குளிர்காலங்களுக்கு முன் நண்டுக் கூடுகளை எடுக்கப் படகில் போனவர், திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அம்மா பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டை மட்டும் அப்படியே இருந்தது. இடது முழங்கையில் அம்மா போட்ட ஒட்டு. அதைப் பார்த்துத்தான் அடக்கம் செய்தோம்.

போன அக்டோபரில் குல்வெனுக்குப் பெரிய மீன்பிடிக் கப்பலில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ஏற வேண்டும். அம்மா குறுக்கே நின்றாள்.

"உனக்காக உங்கப்பா நேர்ந்தது இன்னும் பாக்கி இருக்கு. அதைத் தீர்க்காம நீ கடல்ல கால் வைக்கக் கூடாது."

குல்வென் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அப்பா வேண்டிக்கொண்டார். பையன் பிழைத்தால் அரே மலை மேலிருக்கும் மிக்கேல் கோயிலுக்கு வருகிறேன் என்று. பையன் பிழைத்தான். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று அப்பா தள்ளிப்போட்டார். கடல் முந்திக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. இறந்தவரையே கூட்டிக்கொண்டு போவது. கல்லறையில் குச்சியால் மூன்று முறை தட்டி, பெயர் சொல்லி, எங்கே போகிறோம் என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். வழியில் கல் சிலுவை நிற்கும் இடமெல்லாம் நின்று அவரை இளைப்பாற விட வேண்டும். திரும்பியதும் மறுபடி மூன்று தட்டு. பெயர் சொல்லி, "வீடு வந்தாச்சு, இறங்குங்க" என்றால் போய்விடுவார். அந்தக் காலத்தில் நடந்தார்கள். நாங்கள் குல்வெனின் காரில் போனோம்.

"பின்சீட்ல ஒரு சாமானும் வைக்காதீங்க. திரும்பித் திரும்பிப் பார்க்காதீங்க" என்றாள் அம்மா.

"அப்பாவுக்குப் பின்சீட்டே ஆகாதேம்மா. வளைவு வந்தா வாந்தி எடுப்பாரே."

"செத்தவருக்கு ஏதுடா வாந்தி? போ, வாயை மூடிக்கிட்டுக் கதவைத் திற."

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கார் நின்றது. குல்வென் தட்டினான். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் வரை நின்றேன். பிறகு சாத்தினேன்.

கார் கிளம்பியது.

டிங்… டிங்… டிங்…

பெல்ட் விளக்கு. பின்சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் சிவப்பாக எரியும். போட்டால் பச்சை. அது சிவப்பாக எரிந்தது. டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம்.

குல்வென் சிரித்துவிட்டான். "போலீஸ் பிடிச்சா நீதான்க்கா பதில் சொல்லணும். அப்பா ஒருநாளும் பெல்ட் போட்டதில்லை."

நானும் சிரித்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சீட்டைத் தடவிப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஈரமில்லை. ஆனால் குளிர்ந்திருந்தது. பக்கத்து இடத்தை விட அதிகக் குளிர்ச்சி. கடலோரக் கார், உப்புக்காற்றில் ஏதாவது கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பகல் நன்றாகத்தான் போனது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குடாவை ஒட்டிய சின்னச் சாலையில் மெதுவாகப் போனோம். கடல் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒரு கொட்டகையில் எலுமிச்சை பிழிந்து சிப்பி சாப்பிட்டோம். குல்வென் பன்னிரண்டு சாப்பிட்டுவிட்டு என்னுடையதிலும் கைவைத்தான். ஒவ்வொரு கல் சிலுவையிலும் நின்றோம். பின்கதவைத் திறந்தால் விளக்கு அணையும். சிறிது நேரம் கழித்துத் தானாகவே எரியும். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவோம்.

நான்காவது சிலுவைக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

கரையை விட்டு உள்ளே திரும்பியபின் ஒரு கிராமத்தில் மதியச் சாப்பாடு. கடைக்காரம்மா கருங்கோதுமை மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் முன்கண்ணாடிக்குள் அந்தக் குச்சி தெரிந்தது.

"யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"அப்பாவை" என்றான் குல்வென்.

"அப்போ முதல் க்ரேப் அவருக்கு." அந்த மெல்லிய தோசையை மடித்து ஒரு தட்டில் வைத்து, தானே கொண்டுபோய்க் காரின் கூரை மேல் வைத்தாள். திரும்பி வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"உங்கப்பா பைப் பிடிப்பாரோ?"

"இல்லையே. புகையே ஆகாது அவருக்கு."

"ம்." அடுப்பைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டுச் சீக்கிரம் கிளம்புங்க, பிள்ளைங்களா."

காருக்குள் ஏறியதும் எனக்கும் வந்தது. பழைய, ஈரமான புகையிலை வாடை.

இரவு ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை காரின் கண்ணாடிகள் எல்லாம் தெளிவாக இருந்தன. ஒன்றைத் தவிர. டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் உள்பக்கம் மூச்சுப் பட்டதுபோல் வெளுத்திருந்தது.

"இரவுப் பனி" என்றேன்.

"உள்ளேயா?" என்றான்.



அன்று முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தோம். வழியிலுள்ள ஒரு சிலுவையையும் விடவில்லை. அம்மா சொன்னபடி. மரங்கள் குறைந்தன. புதர்க்காடு. பிறகு கரி போன்ற சதுப்பு நிலம். மலையடியில் வண்டியை நிறுத்தியபோது மணி நான்கு. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர யாரும் இல்லை.

கதவைத் திறந்தோம். விளக்கு அணைந்தது. குன்றின் மேல் ஏறினோம். கோயில் பூட்டியிருந்தது. வெளியே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும்.

முதல் சுற்று. சரளைக்கல்லில் எங்கள் காலடி.

இரண்டாம் சுற்று. எங்கள் காலடி… அதற்குப் பின்னால் இன்னொன்று.

சரக். சரக். சரக். சரக்.

நான் திரும்பவில்லை. குல்வென் என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அப்பா வந்துவிட்டார் என்ற சந்தோஷம். எனக்கும் அதேதான்.

மூன்றாம் சுற்றில் அவன் கை இறுகியது.

"அக்கா…"

"பேசாதே."

"அக்கா, அப்பா நொண்டுவாரே…"

நின்றுவிட்டேன். அப்பாவின் வலது கால் கயிற்று உருளையில் சிக்கி முறிந்த கால். அவர் நடந்தால் ஒரு சத்தம் நீளும், ஒரு சத்தம் குறுகும். வீட்டுக்கு வெளியே கேட்டாலே அவர்தான் என்று தெரியும்.

பின்னால் வந்த காலடி சீராக இருந்தது.

சரக். சரக்.

நாங்கள் நின்றதும் அதுவும் நின்றது.

ஓடினோம். படியில் விழுந்து எழுந்து ஓடினோம். திறந்திருந்த பின்கதவை ஓடிக்கொண்டே அடித்துச் சாத்தினேன். உள்ளே பாய்ந்து பூட்டினோம். குல்வென் சாவியைத் திருப்பினான்.

டிங்… டிங்… டிங்…

சிவப்பு.

"எனக்கு முன்னாடியே ஏறிடுச்சு" என்றான். அழுதான்.

கரைக்குத் திரும்பும் வழி முழுக்க மூடுபனி. நாங்கள் எந்தச் சிலுவையிலும் நிற்கவில்லை. நின்று கதவைத் திறந்தால் இறங்கியிருக்குமோ என்னவோ. திறக்கக் கை வரவில்லை. பெல்ட் மணி ஒரு நிமிடம் அடித்து ஓயும். வளைவு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். டிங். டிங். புகையிலை வாடை கழுத்துக்குப் பின்னால். பின்னால் இருப்பதைக் காட்டும் கண்ணாடியை நான் துணியால் மூடினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அம்மா கைவிளக்குடன் நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். குச்சியை வாங்கி, கல்லறையில் மூன்று முறை தட்டினாள்.

"ரியோக். வீடு வந்தாச்சு. இறங்குங்க."

பின்கதவு திறந்திருந்தது.

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"ரியோக்… இறங்குங்க."

சிவப்பு.

"என்ன பிடிவாதம் இது… பிள்ளைங்க பயப்படுறாங்க. இறங்குங்க."

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மூவரும் கேட்டோம்.

சர்ர்ர்…

பெல்ட் மெதுவாக இழுபட்டது. எதன் மேலோ படிந்ததுபோல் காற்றில் வளைந்து நின்றது.

டக்.

விளக்கு பச்சையானது.

அவர் இறங்கவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டார்.

குல்வென் திங்கட்கிழமை கப்பல் ஏறினான். அம்மா தடுக்கவில்லை. தடுக்கும் தெம்பு அவளிடம் இல்லை. கார் என்னிடம் வந்தது. பெல்ட் கழலவில்லை. மெக்கானிக் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார், திருப்புளியால் நெம்பிப் பார்த்தார். "ஒரு பழுதும் இல்லையேம்மா" என்றார். அறுத்துவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

பிப்ரவரியில் ஓர் இழுவைப் படகின் வலையில் எலும்புகள் சிக்கின. விரலில் மோதிரம். அதன் உள்பக்கம் அம்மாவின் பெயர். வலது கால் எலும்பில் பழைய முறிவு. பரிசோதனையும் அதையே சொன்னது.

அது அப்பா.

எங்கள் கல்லறையைத் திறந்தார்கள். நீலக் கம்பளிச் சட்டைக்குள் இருந்தவருக்கு எங்கள் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை. யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் காணாமல்போனவர் எவரோடும் பொருந்தவில்லை.

 அம்மா சொன்னாள். "தண்ணியில தவிச்சவனைத் தூக்கியிருப்பாரு. குளிர்ல நடுங்கியிருப்பான். சட்டையைக் கழட்டிக் குடுத்திருப்பாரு. அவரு அப்படித்தான்."

அப்பாவை எங்கள் கல்லறையில் வைத்தோம். அடக்கத்துக்கு வந்த குல்வென் மறுநாளே கப்பலுக்குத் திரும்பினான். அந்த மனிதரைத் தோட்டத்தின் மூலையில், பெயரில்லாத கல்லின் கீழ் வைத்தார்கள்.

நேர்த்திக்கடன் அப்படியே இருக்கிறது. அப்பாவை இன்னும் யாரும் மலைக்குக் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போகவும் முடியாது. அழைத்து வந்த ஒருவரை இறக்கிவிடாமல் இன்னொருவரைக் கூப்பிடக் கூடாது. இறக்கிவிட அவர் பெயர் வேண்டும்.

காரை விற்க அம்மா ஒப்பவில்லை. "அந்தப் பாவத்தை யார் தலையில கட்டுவே?"

அதனால் வகுப்பு முடிந்ததும் தினமும் காரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். பின்கதவைத் திறந்து வைப்பேன். பெயரில்லாத கல்லில் மூன்று முறை தட்டுவேன். தேதிக்கு ஒரு புனிதர் பெயர் போட்டுச் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியை வரிசையாகப் பிடித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வாரத்துப் பெயர்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "வீடு வந்தாச்சு, இறங்குங்க" என்பேன். திரும்பிப் பார்ப்பேன். பச்சை. அடுத்த பெயர். பச்சை.

நேற்று நாள்காட்டியில் ஜூலை முதல் வாரத்துப் பெயர்கள். முதல் தேதி யாருடைய நாள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஒன்றை விட்டால் வரிசை தப்பும். பிறகு எது விட்டுப்போனது என்ற சந்தேகம் என்னைத் தூங்கவிடாது.

தட்டினேன். சொன்னேன்.

"குல்வென். வீடு வந்தாச்சு. இறங்குங்க."

டக்.

பெல்ட் கழன்று சர்ர்ரென்று உள்ளே சுருண்டது. சீட்டின் மெத்தை மெல்ல மேலெழும்பியது. விளக்கு அணைந்தது.

எங்கள் கரையில் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு. எங்கள் தெருவிலேயே மூன்று பேர். இறங்கியது வேறொரு குல்வென்தான். அதைத்தான் நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பியின் கப்பல் வியாழக்கிழமையிலிருந்து பதில் சொல்லவில்லை.