ஏழு நாள் கூடுதலாக அடைகாத்த கோழி

"கோழிக்கு நாள் எண்ணத் தெரியுமா?" என்று அத்தை என்னைக் கேட்டார். அப்போது நான் பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

"பன்னண்டு வருஷம் படிச்சியே, இதைக்கூடச் சொல்லித் தரலையா?" என்று சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அந்தக் கேள்வியில்தான் அவருடைய வாத்துகள் மாட்டிக்கொண்டிருந்தன.

அத்தை, என் மாமாவின் மனைவி. மாமா என் அம்மாவின் தம்பி, நகரப் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அத்தை பதினோரு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பித்தான் சரிபார்க்கும் வேலை செய்தவர். அது மூடியபோது, அழுகையெல்லாம் ஒரு நாளோடு சரி. மறுநாள் கொல்லையைச் சுத்தம் செய்து இரண்டு கோழியும் ஒரு ஜோடி வாத்தும் வாங்கி விட்டார். ஒன்பது வருடத்தில் கொல்லை நிறைந்துவிட்டது. முட்டை சுற்றியுள்ள இரண்டு தெருவுக்குப் போகிறது. வாத்து முட்டை முழுவதையும் கேக் போடுகிற பேக்கரிக்காரர் எடுத்துக்கொள்கிறார்.

முட்டையிடும் கோழிகளுக்கெல்லாம் தொழிற்சாலையில் இருந்தவர்களின் பட்டப்பெயர்தான். ஓயாமல் சத்தம் போடுகிறது 'யூனியன்'. வேலை முடிவதற்கு முன்பே கூட்டுக்குள் போய்விடுகிறது 'அரை நாள் லீவு'. சேவல்களுக்கு மட்டும் பட்டம் கிடையாது. அவை கறிக்கு. சனிக்கிழமை காலையில் அத்தையே அறுப்பார், ஒரே இழுப்பில். "பேர் வெச்சுட்டா கை நடுங்கும். கை நடுங்கினா அதுக்குத்தான் வலி" என்பார். அறுத்ததும் கத்தியைக் கழுவி வைப்பார். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே இறகு பறிப்பார்.

அந்த வருடம் ஒரு மத்தியானம் தெருநாய்கள் வேலிக்கடியில் பள்ளம் பறித்து உள்ளே வந்துவிட்டன. ஏழு வாத்தில் ஐந்து போயிற்று. போனதில் ஒன்று, அவரிடம் இருந்த ஒரே ஆண் வாத்து. மிச்சம் இரண்டும் பெட்டை. ஆண் இல்லாமல் அவை இடும் முட்டையில் குஞ்சு வராது. ஆண் இருந்தபோது இட்டதில் ஆறு முட்டைதான் தவிட்டுக் கூடையில் பத்திரமாக இருந்தன.

"வேற ஆண் வாத்து வாங்கிக்கலாமே அத்தை?"

"வாங்கலாம். ஆனா கறுப்பு உடம்பு, கழுத்துல வெள்ளை வளையம், இந்த ஜாதி இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் இல்ல. வேலை போன மறுநாள் வாங்கின ஜோடியோட வம்சம்டி இது. இந்த ஆறுல ஒண்ணாவது ஆணா வரணும்."

வாத்துகள் அடைக்கு உட்காராதவை. கோழிதான் உட்கார வேண்டும். அத்தைக்கு ஒரு முறை உண்டு. கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள், வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு. முதலில் வாத்து முட்டையை வைத்துவிட்டு, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பார். எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும்.

அந்தச் சமயம் பார்த்து, தன் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அவர் நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. கூடையை மாமாவிடம் காட்டி, கோழி உட்கார்ந்ததும் வாத்து முட்டையை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதே கூடையில் கோழி முட்டை எட்டும் இருந்தன.

திரும்பி வந்தவர், அடையில் இருந்த கோழி இரை தின்ன எழுந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தார். பதினான்கு.

"என்னங்க இது?"

"இடம் இருந்துச்சு. எதுக்கு ரெண்டு தடவை போகணும்னு ஒரே ட்ரிப்புல எல்லாரையும் ஏத்திட்டேன்" என்றார் மாமா, பெருமையாக.

"ஏத்தினீங்க. எட்டு பேரு முன்னாடி ஸ்டாப்புலயே இறங்கிடுவாங்களே! கோழியும் அவங்களோட இறங்கிப் போயிடுமே!"

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோழி முட்டையை எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அத்தை ஒரு முட்டையை இருட்டறைக்குக் கொண்டுபோய் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. "உயிர் வெச்சிடுச்சு. எடுக்க மாட்டேன்" என்று திருப்பி வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் என்னைக் கேட்டார், கோழிக்கு நாள் எண்ணத் தெரியுமா என்று. நாள் எண்ணுகிற பிராணியாக இருந்தால் இருபத்தொன்றில் எழுந்துவிடும். ஒன்றும் செய்ய முடியாது. குஞ்சின் குரலைக் கேட்டுத்தான் எழுகிறது என்றால், குரலை மறைத்து ஏமாற்றலாம்.

அடையில் இருந்தது 'சூப்பர்வைசர்'. இடத்தை விட்டு நகராது, கிட்டே போனால் கொத்தும். அதனால் அந்தப் பட்டம். இருபதாம் நாள் ஓட்டில் கீறல் விழ விழ, அத்தை கோழி முட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். கை முழுவதும் கொத்து. ஈரத்துணி விரித்த கூடையில் வைத்து, மாமா அதை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"அக்கா, எட்டு பேருக்கு இடம் வேணும்."

"என் தையல் ரூம்லயா? துணியெல்லாம் நாசமாயிடும்டா!"

"ஏழே நாள்க்கா. சாப்பாடு வெளியில பாத்துக்குவாங்க."

அம்மா திட்டிக்கொண்டே தலையணை உறைகளை ஒதுக்கினார். கூடைக்கு மேல் பல்பு தொங்கியது. அடுத்த நாள் ஏழு குஞ்சு வந்தன. எட்டாவது வரவில்லை. ஏழும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அம்மா, "இதுங்களுக்கு உங்க மாமா ஹாரன் எவ்வளவோ தேவலை" என்றார்.

இருபத்திரண்டாம் நாள் காலை சூப்பர்வைசர் எழுந்துவிட்டது. இரையைத் தொடவில்லை. நேராகச் சுவரோரம் வந்து, கழுத்தைச் சாய்த்து நின்றது. அந்தப் பக்கம் தையல் அறை. கூட்டில் ஆறு வாத்து முட்டையும் மூட ஆளில்லாமல் கிடந்தன. அத்தை அசையவில்லை, பிடித்துப் போட்டால் மிரண்டு ஒரேயடியாகப் போய்விடும். நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். முட்டைகளுக்குச் சூடு குறைந்துகொண்டிருந்தது.

திடீரென்று அத்தை சுவரைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணி! மெஷினை ஓட்டுங்க!"

"நூல் மாட்டலையே!"

"நூல் வேண்டாம், ஓட்டுங்க!"

அம்மா ஓட்டினார். அப்படி ஒரு மிதி அந்த மெஷின் பார்த்திருக்காது. கடகடவென்ற சத்தத்தில் குஞ்சுகளின் குரல் அமுங்கிப்போனது. சூப்பர்வைசர் கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தது. பிறகு, வந்த வேலை நினைவுக்கு வந்ததுபோல, நடந்துபோய் முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடனே கூடையைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினோம். என் கட்டில் அங்கேதான். மிச்ச நாள் முழுவதும் நான் குஞ்சுகளோடு தூங்கினேன். ஓரிடத்தில் நிற்காத என்னை அவை உட்காரவைத்துவிட்டன.

இருபத்தெட்டாம் நாள் ஒன்றும் இல்லை. மாமா ஷிஃப்டுக்குப் போகாமல் கொல்லையிலேயே சுற்றினார். இருபத்தொன்பதாம் நாள் காலையில் நான்கு குஞ்சு பொரிந்தன. நான்கின் கழுத்திலும் வெளிர் வளையம். மிச்ச இரண்டும் கூமுட்டை.

ஆனால் குஞ்சில் ஆண் பெண் தெரியாது. எட்டாவது வாரம்வரை பொறுத்திருக்க வேண்டும். பெட்டை என்றால் குரல் உரக்க வரும். ஆணுக்குக் குரல் கம்மிப்போகும். அத்தை தினமும் தீனிச் சட்டியோடு நின்று காது கொடுப்பார். ஒன்று உரக்கக் கத்தியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவது வாயைத் திறந்தபோது, தொண்டை கட்டினதுபோல் ஒரு கரகரப்பு மட்டும் வந்தது.

"மறுபடி கத்துடா ராசா" என்றார் அத்தை. அதே கரகரப்பு.

அன்று அத்தை பேக்கரிக்காரரிடம் அந்தக் கரகரப்பைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார். முட்டை கேட்க வந்த அவருக்குக் கிடைத்தது மூன்றே வார்த்தைக்கு இடம்.

இப்போது கொல்லையில் பதினெட்டு வாத்து. கரகரப்புக்காரன் முன்னால் நடக்க, மாலையில் வரிசையாகத் திரும்பும்போது அத்தை ஒவ்வொன்றாக எண்ணுவார். பித்தான் எண்ணிய அதே விரல்.

கோழிக்கு நாள் எண்ணத் தெரியுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. காது நன்றாகக் கேட்கும், அது உறுதி. உங்களுக்குத் தெரிந்த யாராவது வாத்து முட்டையையும் கோழி முட்டையையும் ஒரே நாளில் அடைவைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.