தலையணைக்கு எழுபத்திரண்டு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரைத் தலைசுற்றல் என்று எங்கள் ஊரான புதுக்கடையிலிருந்து கூட்டிப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயந்திரம் வந்த நர்ஸ் அவர் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, மூன்று விரலை வைத்து வாட்சைப் பார்த்து எண்ணினாள். நடுவில் துடிப்பு விட்டுப்போகிறது, இப்படி இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்றாள். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினாள். பெருவிரலால் பார்க்கக் கூடாதாம், அதில் நம் துடிப்பே தெரியுமாம். காலையிலும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துவிட்டுப் போனாள்.

காலை ஆறு மணிக்கு வந்தவள் பெரிய நர்ஸ். யார் கையையும் தொடவில்லை. கட்டில் காலடியில் தொங்கும் அட்டையில் எழுதிக்கொண்டே போனாள். எட்டுக் கட்டிலுக்கும் துடிப்பு எழுபத்திரண்டு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அன்று பகலெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நாலு அடித்தால் ஒன்று காணவில்லை. இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் மனிதர் மிஞ்சமாட்டார். கூச்சத்தை விட்டுப் பெரிய நர்ஸிடம் போய்ச் சொன்னேன்.

"பாட்டி எந்த காலேஜுல நர்சிங் படிச்சிய? நாளைக்கு நான் வீட்டுல இருக்கேன், நீங்க டியூட்டிக்கு வாருங்க."

வார்டே சிரித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளை எப்படித் தலைகுனிய வைப்பது என்பது ஒன்றே நினைப்பு.

மறுநாள் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மகனோடு அவரைக் கக்கூசுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலில் இரண்டு தலையணையை நீளவாக்கில் வைத்துப் போர்வையால் மூடினேன்.

"ஏட்டி, எனக்குப் பதிலா இதயா வச்சிக்கிடப் போற?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவள் வந்தாள், எழுதினாள், போனாள். பிறகு அவர் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

டாக்டர் அவளோடு வார்டுக்கு வந்ததும் எழுந்து நின்றேன்.

"டாக்டரே, காலம்பற கட்டில்ல தலையணைதான் கெடந்து. இந்த எழுபத்திரண்டு அதுக்குள்ளது. இவியளுக்கு நீங்க ஒருக்கா கைவச்சுப் பாருங்க."

அடுத்த கட்டில்காரர் ஆமாம் என்றார். டாக்டர் முழு நிமிடமும் எண்ணினார். முகம் மாறியது. உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, அவரை இருதய வார்டுக்கு மாற்றினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தலையணையோட கையக் கொஞ்சம் காட்டுங்க, சிஸ்டர்."

வார்டு மறுபடியும் சிரித்தது. அவள் தலைகுனிந்து நின்று கண்ணைத் துடைத்தாள். நான் கண்கொட்டாமல் பார்த்தேன்.

வீட்டுக்காரர் இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். பாவம், அவளுக்கு என்ன வேலைப்பளுவோ என்கிறாள் மகள். இருக்கலாம். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்குகிறது.

துடிப்பு எண்ணும் விதத்தில் ஏதும் தப்பாக எழுதியிருந்தால், விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். எழுபத்திரண்டை மட்டும் தொட வேண்டாம். அதை எழுதியது அவள்.