நான்கு திரைகளில் நின்ற பெயர்

அந்த வாரம் எங்கள் ஆலையின் எடைமேடை அடிக்கடி ஊமையாகிவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லாரி மேடையேறி நிற்கும், எடை சர்வருக்குப் போய்ச் சேராது. வெளியே வண்டிகள் வரிசை கட்டிவிடும். ரேம் போதவில்லை என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். கணினியில் எது கெட்டாலும் அவருக்கு ரேம்தான். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை.

சர்வரில் ரேம், அதாவது நினைவகம், தாராளமாகக் காலியாக இருந்தது. ஆனால் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளுக்கு, அதாவது சாக்கெட்டுகளுக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதில் ஒரு பங்கைத்தான் ஒதுக்கும். அந்தப் பங்கில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குக் கீழே யாரையும் ஒன்றும் கேட்காது. இரண்டாவதைத் தாண்டினால் நெருக்கடி. எல்லா இணைப்புகளுக்கும் கையை இறுக்கிக்கொள்ளும். மூன்றாவதைத் தொட்டால் கைவிரித்துவிடும். தண்ணீர் லாரி வராத நாட்களில் மீஞ்சூரில் எங்கள் அம்மா செய்வதும் இதுதான். குடத்தால் மொண்டவர்களுக்கெல்லாம் சொம்பால் அளந்து ஊற்றுவாள். யார் அதிகம் எடுத்தது என்று பார்க்கமாட்டாள்.

அதை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. கெர்னலின் கணக்கைத் திறந்துவைத்துக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இணைப்புகள் பிடித்திருந்த நினைவகத்தின் எண் இரண்டாவது கோட்டுக்கு மேலேயே நின்றது. பிறகு ஒவ்வோர் இணைப்பாகத் துழாவினேன். நான்கில் மட்டும், அனுப்பியதெல்லாம் போய்ச் சேராமல் தேங்கிக் கிடந்தது. நான்கும் ஆலைக்குள் இருக்கும் திரைகள். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், எத்தனை கம்பி ஓடியது என்று நாள் முழுக்க வரிகள் அவற்றில் மேலேறிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளாததை இந்தப் பக்கம் கெர்னல் சுமந்துகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும், மதியத்துக்குள் எல்லாத் திரைகளையும் அணைத்து மறுபடி போடச் சொல்லிவிட்டார் மேலாளர். யார் வேலை இது என்ற கோபத்தோடுதான் உருட்டுக்கூடத்துக்குப் போனேன். அங்கே திரை அசையாமல் நின்றது. வரிகள் வேகமாக ஓடினால் நிறுத்திப் படிக்க நான் சொல்லிக்கொடுத்திருந்த விசைகளைத்தான் யாரோ அழுத்தியிருந்தார்கள். மானிட்டர் மேல் ஒரு முழம் சாமந்தி. உச்சியிலிருந்து மூன்றாவது வரியில் ஒரு பெயர், பக்கத்தில் ‘அவுட்’.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். போன வாரம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வெளியே போனவர். கேட்டைத் தாண்டியதும் லாரி மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. செய்தி உள்ளே வருவதற்குள் அவருடைய வரி மேலே ஏறிவிட்டிருந்தது. அவரோடு ஒரே ஊரிலிருந்து வந்துபோன கிரேன் ஓட்டுநர் ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறார்; மற்ற மூன்று திரைகள் இருந்த அறைகளுக்கும் போன் போட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அவரே வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது போல.

“காரியம் முடியிற வரிக்கும் இருக்கட்டும் சார். ஊட்ல மாட்டறதுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது அவனுக்கு. இங்க வந்துதான் பாத்துக்கினு போறோம்.”

அணைத்தால் பெயர் போய்விடும். விட்டால் லாரிகள் நிற்கும். என் அறைக்குத் திரும்பினேன். கொண்டுபோன கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திரைகளை நான் தொடவில்லை. சர்வர் பக்கத்திலிருந்து அந்த நான்கு இணைப்புகளை மட்டும் அறுத்தேன். கெர்னல் சுமையை இறக்கியது, எண் சரிந்தது, எடைமேடைக்குப் பேச்சு வந்தது. நின்றிருந்த திரைகளுக்கு அது தெரியாது. பெயர் அப்படியே இருந்தது. ரேம் வேண்டாம் என்றதும் மேலாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

காரியம் முடிந்த மறுநாள் கிரேன் ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காய்ந்த சாமந்தியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வரிகளை மறுபடி ஓடவிடும் விசைகளை அழுத்தினார். அத்தனை நாள் வரிகளும் சரசரவென்று ஓடிவந்து பெயரைக் கொண்டுபோய்விடும் என்று நினைத்திருப்பார். ஆனால் தேங்கியிருந்ததைத்தான் நான் அன்றைக்கே அறுத்துவிட்டேனே. இணைப்பு முடிந்தது என்று ஒரே ஒரு வரி கீழே வந்தது. பெயர் ஒரு படி மேலே ஏறி அங்கேயே நின்றது.

“போவ மாட்றானே சார்,” என்றார்.

மானிட்டரின் சுவிட்சைக் காட்டினேன். அவர் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

“என்னால ஆவாது சார். நீங்களே பண்ணிடுங்க.”

நான்தான் அணைத்தேன்.